வாசலுக்கு வரும் சர்க்காரும் வீட்டில் படிக்கும் பிள்ளையும்

ராஜபாளையத்திலிருந்து தென்காசி செல்லும் சாலையில், மேற்குத் தொடர்ச்சி மலை நெருங்கி வந்து நிற்கும் இடத்தில் இருக்கிறது தேவதானம். நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி கோயிலாலும், சாஸ்தா கோயில் அணைத் தண்ணீராலும், அத்தண்ணீரை நம்பிய நெல்வயல்களாலும் தோப்புகளாலும் பெயர் பெற்ற இவ்வூரில், நகரத்து உத்தியோகத்தை விட்டுவிட்டுப் பூர்வீக நிலத்துக்குத் திரும்பிய ஒரு தம்பதி, தம் ஒன்பது வயது மகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிப்பித்து வருவதாக வைத்துக்கொள்வோம். பள்ளி செல்லாக் குழந்தைகளின் கணக்கெடுப்பு என்று ஒன்று நடைபெறுவதைக் கிராமத்தார் எல்லோரும் அறிவார்கள். வட்டார வள மையத்து ஆசிரியப் பயிற்றுநர் ஒருவர், உள்ளூர்ப் பள்ளி ஆசிரியையையும் கூட்டிக்கொண்டு, தெருத் தெருவாக ஏறி இறங்கி, பள்ளிப் பிராயமுள்ள பிள்ளைகள் யார் யார், எங்கே படிக்கிறார்கள் என்று விசாரித்து எழுதிக்கொண்டு போவார். அப்படி வருகிறவர் இந்தத் தம்பதியின் வாசலிலும் ஒரு நாள் வந்து நிற்பார்.

"பாப்பா எந்த ஸ்கூலும்மா?"

"ஸ்கூலுக்குப் போகல டீச்சர். நாங்களே வீட்ல சொல்லிக் குடுக்கோம்."

"அப்ப நான் என்னன்னு எழுத? படிப்பை நிப்பாட்டுன பிள்ளைன்னா, சேர்க்கவே இல்லைன்னா?"

கேட்பவர்மீது குற்றமில்லை. பள்ளியில் இருக்கும் குழந்தை, பள்ளிக்கு வெளியே இருக்கும் குழந்தை என்ற இரண்டு வகையைத்தான் நம் நாட்டுச் சட்டம் அவருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது. காலையில் தகப்பனிடம் கணக்கும், பகலில் தாயிடம் தமிழும் ஆங்கிலமும் படித்துவிட்டு, சாயங்காலம் தோப்பில் பட்சிகளின் பெயரைக் கேட்டு எழுதிவைக்கிற அந்தச் சிறுமி எந்த வகையைச் சேர்ந்தவள் என்பதற்கு, சட்டப் புத்தகம் முழுவதையும் புரட்டினாலும் நேரான விடை அகப்படாது.

வீட்டில் வைத்துப் பிள்ளைக்குக் கற்பிப்பது நமக்குப் புதிய வழக்கம் என்று எண்ணிவிடலாகாது. ஸ்ரீவில்லிபுத்தூர் நந்தவனத்தில் கண்டெடுத்த குழந்தையைப் பெரியாழ்வார் எந்தப் பாடசாலைக்கு அனுப்பினார் என்று இன்றளவும் யாரும் கேட்டதில்லை. ஐதிகத்தை விட்டுச் சர்க்கார் தஸ்தாவேஜுக்கு வந்தாலும் சங்கதி சுவாரஸ்யமானதே. சென்னை ராஜதானியின் கவர்னராக இருந்த சர் தாமஸ் மன்றோ, தம் ஆட்சிக்குட்பட்ட ஜில்லாக்களில் ஜனங்கள் எவ்வளவு தூரம் கல்வி பெற்றிருக்கிறார்கள் என்று 1822இல் கலெக்டர்களைக் கேட்டு, அவர்கள் அனுப்பிய விவரங்களைத் திரட்டி, 1826 மார்ச் மாதத்தில் ஒரு குறிப்பு எழுதினார். சுமார் 1 கோடியே 28 லட்சம் ஜனத்தொகைக்கு 12,498 பள்ளிகள் இருந்தன என்றும், அவற்றில் 1,88,650 பேர் படித்தார்கள் என்றும் அதில் கண்டிருக்கிறது. சென்னைப் பட்டணத்தில் மட்டும் பள்ளியில் படித்தவர்கள் 5,523 பேர் என்றும், வீட்டில் படித்தவர்கள் 26,963 பேர் என்றும், அதாவது ஏறக்குறைய ஐந்து மடங்கு என்றும் அதே குறிப்பு சொல்கிறது. அந்தப் பெரிய எண்ணில் ஏதோ பிழை இருக்கக்கூடும் என்று மன்றோவே சந்தேகப்பட்டார். ஆனாலும் வீட்டுக் கல்வி பட்டணத்தில் வெகுவாகப் பரவியிருந்தது என்பதை அவர் மறுக்கவில்லை. இந்தத் தஸ்தாவேஜுகளைத் தேடியெடுத்துத் தரம்பால் 1983இல் நூலாக வெளியிட்ட பிறகு, பள்ளிக்கூடத்தின்மேல் அதிருப்தி கொண்டவர்கள் பலர் அதனைத் தங்கள் பிரமாண நூலாகவே வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த வீட்டுக் கல்வி யாருடைய வீட்டில் நடந்தது என்ற கேள்வியை அவர்கள் அவ்வளவு சிரத்தையோடு கேட்பதில்லை என்பது என் அபிப்பிராயம். திண்ணையும் ஏடும் எழுத்தாணியும் இருந்த வீட்டில் நடந்தது. ஏட்டைத் தொட்டாலே தோஷம் என்று ஒதுக்கிவைக்கப்பட்டிருந்தவர்களின் வீட்டில் நடக்கவில்லை. பெண்களின் எண்ணிக்கையோ அந்தக் கணக்குகளில் வெகு சொற்பம். பிள்ளையின் படிப்பைப் பெற்றோரின் பொறுப்பாக மட்டும் விட்டுவிட்டால், பெற்றோருக்கு உள்ளது பிள்ளைக்கும் கிடைக்கும், இல்லாதது கிடைக்காது என்ற இந்த நியாயத்தால்தான், சர்க்கார் பள்ளி என்ற ஒன்று நம் தேசத்தில் இவ்வளவு பெரிய காரியமாக ஆயிற்று.

இனி, இன்றைய சட்டத்தைப் பார்க்கலாம். பதினான்கு வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி தருவதற்குப் பத்து ஆண்டுக் காலத்துக்குள் முயல வேண்டுமென்று 1950இல் அமலுக்கு வந்த அரசியல் சாசனம் 45ஆம் ஷரத்தில் வழிகாட்டிற்று. பத்து ஆண்டு நாற்பதாயிற்று. 1993இல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் சுப்ரீம் கோர்ட், பதினான்கு வயது வரை கல்வி பெறுவது குழந்தையின் அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்தது. 2002இல் 86ஆவது திருத்தத்தின் மூலம் 21ஏ என்ற ஷரத்து சாசனத்தில் சேர்க்கப்பட்டது. அதே திருத்தம், ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைக்குக் கல்வி பெறும் வாய்ப்பை அளிப்பது பெற்றோரின் கடமை என்பதையும் 51ஏ ஷரத்தில் எழுதிவைத்தது. இவற்றை நடைமுறைக்குக் கொண்டுவர 2009இல் நிறைவேற்றப்பட்ட கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1ஆம் தேதி அமலுக்கு வந்தது.

கட்டாயம் என்ற சொல்லைக் கேட்டவுடன், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத தகப்பனைப் போலீசார் வந்து பிடித்துக்கொண்டு போவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். சட்டத்தின் 8ஆம் பிரிவோ, கட்டாயக் கல்வி என்பதற்கு, குழந்தையைச் சேர்த்து, தினம் வரச்செய்து, எட்டாம் வகுப்பு முடியும்வரை படிக்கவைப்பதைச் சர்க்கார் உறுதிசெய்ய வேண்டும் என்றே பொருள் கூறி, அந்தப் பாரத்தை முதலில் சர்க்காரின் தோளில்தான் ஏற்றுகிறது. பெற்றோருக்கும் 10ஆம் பிரிவு ஒரு கடமையைச் சொல்லியிருக்கிறது. பிள்ளையை அண்மைப் பள்ளியில் சேர்ப்பது அவர்கள் கடமை. ஆனால் அதைச் செய்யத் தவறியவருக்கு அபராதம் இவ்வளவு, காவல் இவ்வளவு என்று அச்சட்டம் எங்கும் விதிக்கவில்லை. ஆகவே தேவதானத்துத் தம்பதியை, மகளை வீட்டில் வைத்துப் படிப்பித்த ஒரே காரணத்துக்காக, அந்தச் சட்டத்தின்கீழ்த் தண்டிக்க வழியில்லை. அப்படியானால் அவர்களுக்கு உரிமை உண்டா என்றால், அப்படியும் எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

இந்த இரண்டுங்கெட்டான் நிலைக்கு நல்ல உதாரணம் தில்லி ஹைகோர்ட்டில் நடந்த ஒரு வழக்கு. வீட்டில் படித்து வந்த ஒரு சிறுமியின் சார்பில், வீட்டுக் கல்வியைச் சட்டம் அங்கீகரிக்க வேண்டுமென்று கோரித் தொடுக்கப்பட்ட அந்த வழக்கில், மத்திய மனிதவள அமைச்சகம் 2012 ஜூலையில் ஒரு பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது. தாமே விரும்பி வீட்டுக் கல்வியை மேற்கொள்ளும் பெற்றோர் அவ்வாறே தொடரலாம், கல்வி உரிமைச் சட்டம் அதற்குக் குறுக்கே நிற்பதில்லை என்பது அதன் சாரம். வீட்டுக் கல்விக் குடும்பங்கள் மகிழ்ந்த அம்மகிழ்ச்சி அடங்குவதற்குள்ளாகவே, அமைச்சகம் தான் சொன்னதிலிருந்து பின்வாங்கிக்கொண்டது. எழுதிக்கொடுத்ததையே சர்க்கார் மாற்றிக்கொள்ளுமானால், எழுதாமல் விட்ட மௌனத்தை நம்பி ஒரு குடும்பம் எவ்வளவு காலம் இருக்க முடியும்? புறம்போக்கில் வீடு கட்டிக்கொண்டு பட்டா இல்லாமல் குடியிருப்பவனுடைய நிலைதான் அவர்கள் நிலையும். யாரும் வந்து காலி செய்யச் சொல்லவில்லை, சொன்னால் காட்டுவதற்குக் கையில் காகிதமும் இல்லை.

வெளிதேசங்களில் இந்த விவகாரம் இரண்டு துருவங்களாகத் தீர்ந்திருக்கிறது. இங்கிலாந்தில் 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமே, பள்ளிக்கு அனுப்பியோ வேறு வகையிலோ பிள்ளைக்குத் தகுந்த கல்வியைப் பெற்றோர் அளிக்கலாம் என்று இடம் கொடுத்துவிட்டது. அமெரிக்காவில் மாகாணத்துக்கு மாகாணம் நடந்த போராட்டங்களுக்குப் பின், 1983இல் வீட்டுக் கல்விக் குடும்பங்களுக்காக வழக்கறிஞர்கள் கூடி ஒரு பாதுகாப்புச் சங்கமே அமைத்தார்கள். சந்தா கட்டும் குடும்பத்துக்காகக் கோர்ட் ஏறி வாதாடுவது அதன் தொழில். ஜெர்மனி இதற்கு நேர் எதிர். அங்கே பள்ளிக்கு வந்தே தீர வேண்டும். பிள்ளைகளை வீட்டில் நிறுத்திக்கொண்ட ஒரு குடும்பத்திலிருந்து நான்கு குழந்தைகளையும் 2013இல் அதிகாரிகள் சில வாரங்கள் பிரித்துக் கொண்டுபோய் வைத்தார்கள். அதில் மனித உரிமை மீறல் எதுவும் இல்லை என்று 2019 ஜனவரியில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்புக் கூறியது. நம் தேசம் இங்கிலாந்தாகவும் இல்லை, ஜெர்மனியாகவும் இல்லை.

தமிழ்நாட்டில், அதிலும் விருதுநகர் ஜில்லாவில், இந்தப் பிரச்சினைக்கு வேறெங்கும் இல்லாத ஒரு முகம் உண்டு. 1953இல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது, கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் பாதி நாள் பள்ளிப் படிப்பு, மீதி நாள் வீட்டில் தகப்பன் செய்யும் தொழிலைக் கற்றல் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். கைத்தொழிலுக்கு மரியாதை தரவேண்டும், உள்ள பள்ளிகளிலேயே இரு மடங்கு பிள்ளைகளைப் படிக்கவைக்க வேண்டும் என்பன போன்ற நோக்கங்கள் அதற்குச் சொல்லப்பட்டாலும், வெட்டியான் மகன் வெட்டியானாகவும் வண்ணான் மகன் வண்ணானாகவும் இருப்பதற்கே இது வழி என்று ஜனங்கள் கண்டுகொண்டார்கள். குலக்கல்வி என்ற பெயரோடு அத்திட்டம் எதிர்க்கப்பட்டு, ராஜாஜி பதவி விலகி, 1954 ஏப்ரலில் காமராஜர் பொறுப்பேற்றபின் கைவிடப்பட்டது. விருதுநகரில் பிறந்து, சிறு பிராயத்திலேயே பள்ளியை விட்டு மாமன் கடையில் வேலைக்கு நின்ற அந்த மனிதர், பிறகு பள்ளியையும் பகல் உணவையும் ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்த கதையை இந்த ஜில்லாக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளை வீட்டிலேயே இருந்து கற்றுக்கொள்ளட்டும் என்று யாராவது சொன்னால், இங்கே பலர் காதில் அது 1953இன் குரலாகவே விழுகிறது. அவ்வாறு விழுவது அநியாயம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்று சிவகாசி. தேவதானத்திலிருந்து பஸ் ஏறினால் போய்ச் சேர்ந்துவிடுகிற அந்தப் பட்டணத்தின் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் ஒரு காலத்தில் வீட்டுத் திண்ணையிலும் கொட்டகையிலும் குழந்தைகள் குச்சி அடுக்கினார்கள், பெட்டி ஒட்டினார்கள். ஒரு வழக்கறிஞர் தொடுத்த பொதுநல வழக்கில், சிவகாசிக் குழந்தைகளை முன்வைத்து, 1996 டிசம்பர் 10ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் அளித்த தீர்ப்பு, ஆபத்தான தொழிலில் வைக்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டுமென்றும், அக்குழந்தையின் வீட்டில் பெரியவர் ஒருவருக்கு வேலை கிடைக்க ஏற்பாடு செய்ய வேண்டுமென்றும் விதித்தது. அந்தத் தீர்ப்பையும், வாசல் வாசலாகப் போய்ப் பிள்ளைகளை எண்ணியவர்களின் உழைப்பையும் தள்ளிவிட்டு, இன்று நம் ஜில்லாவில் குழந்தைகள் பள்ளியில் இருக்கிறார்கள் என்று பேச முடியாது. "என் பிள்ளை வீட்டில்தான் படிக்கிறது" என்ற இதே வாக்கியத்தை, தீப்பெட்டிக் கட்டு அடுக்கிக்கொண்டிருந்த பிள்ளையை மறைத்தபடி ஒரு தகப்பன் சொல்லியிருக்கக் கூடும் அல்லவா?

ஆகவே வீட்டுக் கல்விக்கு உரிமை கேட்பவர்கள், சர்க்கார் எங்கள் வாசலுக்கு வரக்கூடாது என்று கேட்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வரட்டும்; பார்க்கட்டும்; பிள்ளை படிக்கிறதா என்று சோதிக்கட்டும். சோதித்தபின், படிக்கிறது என்று கண்டால், அதை எழுதிக்கொள்வதற்கு ஓர் இடமும், அப்படியே விட்டுவிடுவதற்கு ஒரு விதியும் வேண்டும் என்பதுதான் நியாயமான கோரிக்கை. 2020இல் கொரோனாவினால் பள்ளிகள் அடைபட்டபோது லட்சக்கணக்கான வீடுகள் ஒரே நாளில் பள்ளிகளாயின. அடுத்த ஆண்டு தமிழ்நாட்டுச் சர்க்காரே 'இல்லம் தேடிக் கல்வி' என்று பெயரிட்டுத் தன்னார்வலர்களைத் தெருத் திண்ணைகளுக்கு அனுப்பிற்று. வீட்டில் கல்வி நடக்கக் கூடும் என்பதைச் சர்க்கார் அறியாமல் இல்லை.

விதி வரும்வரை குடும்பம் என்ன செய்வது? மூன்று வாசல்கள் திறந்திருக்கின்றன. பலருக்கு அவை தெரிவதில்லை. முதலாவது, திரும்பிச் சேரும் வாசல். பள்ளியில் சேராத, அல்லது நடுவில் நின்றுவிட்ட குழந்தையை, அதன் வயதுக்கேற்ற வகுப்பிலேயே சேர்த்து, மற்றப் பிள்ளைகளோடு சமமாக வருவதற்குத் தனிப் பயிற்சியும் அளிக்க வேண்டுமென்று கல்வி உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு சொல்கிறது. வயதுச் சான்று இல்லை என்று சொல்லி 14ஆம் பிரிவின்படி யாரையும் திருப்பியனுப்பக் கூடாது. பதினோரு வயதில் அந்தத் தேவதானத்துச் சிறுமிக்குப் பள்ளி வேண்டுமென்று தோன்றினால், ஒன்றாம் வகுப்பிலிருந்து தொடங்கு என்று அவளிடம் எவரும் சொல்ல முடியாது.

இரண்டாவது, தனித்தேர்வர் வாசல். பள்ளியில் படிக்காமலே எட்டாம் வகுப்புப் பரீட்சை எழுதுவதற்கு அரசுத் தேர்வுகள் இயக்ககம் வெகுகாலமாக இடம் கொடுத்து வருகிறது. பன்னிரண்டரை வயது பூர்த்தியாகியிருந்தால் போதும். அதில் தேறியவர், பதினாலரை வயதில் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கும் தனித்தேர்வராக விண்ணப்பிக்கலாம். அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு மட்டும் முன்கூட்டியே பெயரைப் பதிந்து, குறிக்கப்பட்ட பள்ளிக்குப் போய்ப் பயிற்சி முடிக்க வேண்டும். இந்தச் செய்முறை விஷயத்தை அறியாமல், பரீட்சைக்கு விண்ணப்பம் போடும் சமயத்தில் ஓடித் திரிபவர்கள் உண்டு. மூன்றாவது, தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம். மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 1979இல் தொடங்கிய ஒரு சிறு முயற்சியாக இருந்து, 1989இல் தனி அமைப்பாகி, 2002இல் இன்றைய பெயரைப் பெற்ற இந்நிறுவனம், பதினான்கு வயதானவர்களைப் பத்தாம் வகுப்புக்குச் சமமான படிப்பில் சேர்த்துக்கொள்கிறது. ஒருமுறை பதிந்தால் ஐந்து ஆண்டுக்குள் பாடம் பாடமாக எழுதி முடிக்கலாம். ஆண்டுக்கு இருமுறை பரீட்சை. வீட்டில் படிப்பவர்களும் மாற்றுக் கல்விப் பள்ளிகளில் படிப்பவர்களும் பெரும்பாலும் இந்த வாசலையே நாடுகிறார்கள். பிள்ளை பிற்பாடு எந்தக் கல்லூரி, எந்த உத்தியோகம் என்று உத்தேசித்திருக்கிறதோ, அதற்கு இந்தச் சான்றிதழ் செல்லுமா என்பதை அந்தந்த ஆண்டின் விதிகளை வைத்து முன்னதாகவே விசாரித்துக்கொள்வது புத்திசாலித்தனம். விதிகள் அடிக்கடி மாறுகின்றன.

இதுவரை சொன்னது ஒற்றைக் குடும்பத்தின் கதை. பக்கத்துத் தோப்புக்காரரின் இரண்டு பிள்ளைகளும், வேலைக்காரம்மாளின் பேரனும், ராஜபாளையத்திலிருந்து வரும் நான்கு குழந்தைகளும் அதே வீட்டில் வந்து உட்கார்ந்து படிக்கத் தொடங்கினால், அப்போது கதை வேறு. கல்வி உரிமைச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, அங்கீகாரம் பெறாமல் யாரும் பள்ளி நடத்தக் கூடாது என்கிறது. மீறி நடத்தினால் ஒரு லட்ச ரூபாய் வரை அபராதம். தொடர்ந்து நடத்தினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய். எத்தனை பிள்ளைகள் சேர்ந்தால் வீடு பள்ளியாகிறது என்று சட்டம் வரையறுக்கவில்லை. வாசலில் 'கற்றல் மையம்' என்று பலகை மாட்டிக்கொண்டால் தப்பித்துவிடலாம் என்று எண்ணுபவர்கள் உண்டு; காலையிலிருந்து சாயங்காலம் வரை, பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு, பள்ளிப் பாடத்தை நடத்தும் இடத்தைப் பலகையின் எழுத்தை மட்டும் வைத்து நீதிபதி தீர்மானிப்பார் என்று நம்புவதற்கில்லை.

இங்கே நாம் 2004 ஜூலை 16ஆம் தேதியை நினைத்தே ஆகவேண்டும். கும்பகோணத்தில், ஒரே கட்டடத்தில் நெருக்கியடைத்து நடத்தப்பட்ட பள்ளியில், சமையற்கூடத்திலிருந்து கிளம்பிய தீ கூரையில் பற்றி, 94 குழந்தைகள் மாண்டுபோனார்கள். அன்று முதல் தமிழ்நாட்டில் பள்ளிக்கூடத்துக்குக் கீற்றுக் கூரை ஆகாது. கட்டட உறுதிச் சான்று, 1965ஆம் ஆண்டுப் பொதுக் கட்டட உரிமச் சட்டத்தின்படி தாசில்தார் வழங்கும் உரிமம், தீயணைப்புத் துறையின் சான்று, சுகாதாரச் சான்று என்று நான்கும் இல்லாமல் அங்கீகாரம் கிடைப்பதும் புதுப்பிக்கப்படுவதும் அரிது. இந்தச் சான்றுகளுக்கு அலைவது தொல்லை என்று சொல்லும் சிறு பள்ளிக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன். தொல்லைதான். ஆனால் அந்த நான்கில் ஒன்றையாவது குறைக்கலாமென்று சொல்ல, அந்தத் தொண்ணூற்று நான்கு பேரை எண்ணும்போது வாய் வருவதில்லை.

குறை சொல்ல வேண்டியது நிலத்தைப் பற்றி. மெட்ரிகுலேஷன் பள்ளிகளுக்கென்று அதே 2004இல் வகுக்கப்பட்ட அளவின்படி, மாநகராட்சியில் ஆறு கிரவுண்டு போதுமானால், கிராமப் பஞ்சாயத்தில் மூன்று ஏக்கர் வேண்டும். கிராமத்தில் நிலம் மலிவு என்ற எண்ணத்தில் யாரோ போட்ட கணக்கு அது. முப்பது பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி தொடங்க நினைக்கும் கிராமத்து ஆசிரியரிடம் மூன்று ஏக்கரா இருக்கும்? கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை இதைக் காட்டிலும் நிதானமானது: அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள், ஆசிரியருக்கு ஒரு வகுப்பறை, ஆண் பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பிடம், குடிதண்ணீர், நூலகம், விளையாட இடம், சுற்றுச்சுவர் அல்லது வேலி, தொடக்க வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 நாள், 800 மணி நேரம் படிப்பு. இவற்றில் எதையும் வீண் என்று சொல்ல முடியாது. சட்டம் கொடுத்திருக்கும் விலக்குகள்தாம் விசித்திரமானவை. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் மதரஸாக்களுக்கும் வேத பாடசாலைகளுக்கும் விலக்கு அளித்தது. 2014இல் பிரமதி வழக்குத் தீர்ப்பு சிறுபான்மையோர் நடத்தும் பள்ளிகளைச் சட்டத்தின் எல்லைக்கு வெளியே வைத்தது. சமயத்தின் பெயரால் வேறு விதமாகக் கற்பிப்பவர்க்குச் சட்டம் வழிவிடுகிறது. மரத்தையும் மண்ணையும் வைத்து வேறு விதமாகக் கற்பிக்க நினைக்கும் சாமானிய ஆசிரியருக்கு வழியில்லை.

ஆனாலும் வழி கண்டவர்கள் இருக்கிறார்கள். நீலகிரி ஜில்லா கூடலூரில், ராமதாஸும் ரமா சாஸ்திரியும் தம் பிள்ளைகளுக்கும் நண்பர்களின் பிள்ளைகளுக்குமாக வீட்டளவில் தொடங்கிய வித்யோதயா, 1990களில் பணியர், காட்டுநாயக்கர் முதலான பழங்குடிப் பிள்ளைகளுக்கான பள்ளியாகவே மாறிற்று. பள்ளிக்குப் போகவே கூச்சப்பட்ட பிள்ளைகள், தங்கள் இனத்திலிருந்தே பயிற்சி பெற்று வந்த ஆசிரியர்களிடம், தங்கள் பாட்டையும் கதையையும் விட்டுக்கொடுக்காமல் எழுத்துப் படித்தார்கள். வீட்டுக் கல்வி என்றால் வசதி படைத்தவர்களின் விளையாட்டு என்று சொல்லிவிடுகிறவர்கள் கூடலூருக்கு ஒருமுறை போய்வருவது நல்லது. திருவண்ணாமலையில் 2009இல் தொடங்கிய மருதம் பண்ணைப் பள்ளியும், மலையில் மரம் நடுவதையும் பாடமாக வைத்துக்கொண்டு, உள்ளூர்க் கிராமத்துப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு நடந்து வருகிறது.

இந்த வழிகளில் எங்காவது இடையூறு வந்தால் சட்டத்தின் துணையை நாடலாம். சட்ட உதவி என்றதும் பெரிய வக்கீல், பெரிய பீஸ் என்று அஞ்சத் தேவையில்லை. விருதுநகர் ஜில்லாவின் தலைமை நீதிமன்றம் ஜில்லாத் தலைநகரில் இல்லை; ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் இருக்கிறது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் அங்கேயே. 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, குழந்தைக்கும் பெண்ணுக்கும் வருமான வரம்பு பாராமல் இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுக்க வேண்டும். தகப்பனுக்குத் தோப்பு இருந்தாலும், மகளின் பெயரில் உதவி கேட்க அது தடையில்லை. அமெரிக்கக் குடும்பங்கள் சந்தா கட்டிப் பெறுகிற பாதுகாப்பில் ஒரு பகுதியை நம் சட்டம் குழந்தைக்குச் சும்மாவே கொடுத்திருக்கிறது, கேட்பார்தான் இல்லை. 15100 என்ற எண்ணில் தொலைபேசியிலும் ஆலோசனை பெறலாம். பள்ளியில் சேர்க்க மறுத்தாலோ, வயதுக்கேற்ற வகுப்புத் தராவிட்டாலோ, கல்வி உரிமைச் சட்டத்தின் 32ஆம் பிரிவில் எழுத்து மூலம் புகார் கொடுத்தால் மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதற்கு மேல் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையமும், 2004 முதல் மதுரையில் இருக்கும் ஹைகோர்ட் கிளையும் உண்டு. ஒரு விண்ணப்பம் ஏன் நிற்கிறது என்று தெரிய வேண்டுமானால், பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ்க் கேட்டால் முப்பது நாளில் பதில் தர வேண்டும். அங்கீகாரக் கோப்பு மேசைக்கு மேசை ஊர்ந்துகொண்டிருக்கும் சிறு பள்ளிகளுக்கு, வழக்கைக் காட்டிலும் இந்தப் பத்து ரூபாய் அதிகம் உதவும். குடும்பங்கள் ஒன்றுகூடுவதற்கு, 2012இல் அமைந்த ஸ்வசிக்ஷண் என்ற இந்திய வீட்டுக் கல்வியாளர் சங்கமும் இருக்கிறது.

கல்வி 1976ஆம் ஆண்டுத் திருத்தம் முதல் மத்திய சர்க்காரும் மாகாண சர்க்காரும் பொதுவாகச் சட்டம் இயற்றக்கூடிய விஷயமாக இருக்கிறது. ஆகவே தில்லி பேசும்வரை சென்னை காத்திருக்க வேண்டிய அவசியமில்லை. வீட்டில் கற்பிக்கும் பெற்றோர் வட்டாரக் கல்வி அலுவலரிடம் ஆண்டுதோறும் பதிய வேண்டும், அவர் ஆண்டுக்கொருமுறை வந்து பிள்ளையோடு பேசிப் பார்க்க வேண்டும், எட்டாம் வகுப்புத் தனித்தேர்வைப் பிள்ளை எழுத வேண்டும் என்று ஒரு சிறு விதி போதும். ஒன்றுக்கும் புதிய இலாகா வேண்டாம், எல்லாம் இருப்பவைதான்.

அந்த விதி வருமுன்பே, தேவதானத்துத் தம்பதி ஜூன் மாதத்தில், தாம் மகளுக்கு என்னென்ன கற்பிக்கிறோம், எந்தப் புத்தகங்களை வைத்துக் கற்பிக்கிறோம், எந்த ஆண்டில் எந்தப் பரீட்சைக்கு அனுப்புவதாக உத்தேசம் என்று ஒரு கடிதம் எழுதி, வட்டாரக் கல்வி அலுவலருக்கு விரைவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பிள்ளையின் பிறப்புச் சான்றோடும் தடுப்பூசி அட்டையோடும் நோட்டுப் புத்தகங்களோடும் சேர்த்து வைத்துக்கொள்ளலாம். அந்தக் கடிதம் அவர்களுக்கு உரிமை எதையும் உண்டாக்கிவிடாது. ஆனால் அடுத்த கணக்கெடுப்பில் வருகிற டீச்சருக்கு எழுதிக்கொள்ள ஏதாவது கிடைக்கும். விவகாரம் முற்றி ஸ்ரீவில்லிபுத்தூர் வரை போனால், பிள்ளையை ஒளித்துவைக்கவில்லை என்பதற்கு வக்கீல் எடுத்துக் காட்டுகிற முதல் காகிதமும் அதுவாகவே இருக்கும்.